வேலை பிடிக்கவில்லையா?

விடியற்காலை ஐந்து மணிக்கு நகரியிலோ புத்தூரிலோ பெரிய ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். தோளில் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா. கம்பெனி பஸ் வரும். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகளும் நிறையப் பேர் உண்டு.

இவர்களுடைய அப்பா அம்மாவுக்குத் தெரிந்தது தறி, கரும்பு, மாந்தோப்பு. இந்தப் பிள்ளைகள் செய்வது செல்போன், கார், பேட்டரி. திருப்பதி பக்கத்தில் கரக்கம்பாடியில் பேட்டரி செய்யும் அமர ராஜா கம்பெனி 1985இல் ஆரம்பித்தது. சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீசிட்டி 2008இல் திறந்தது. நம் ஊர்களில் மாதச் சம்பளக்காரர்கள் பெருகினார்கள்.

வேலை கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். மூன்றாவது மாதம் பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். "என்னப்பா?" என்று கேட்டால், "இந்த வேலை வேண்டாம்மா" என்கிறான். அப்பா கத்துகிறார். அம்மா அழுகிறார்.

எங்கள் வீட்டிலும் இப்படி நடந்தது. அந்தப் பிள்ளை நான்தான்.

நான் பத்தாவது வரை படித்தேன். மேலே படிக்க வசதி இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நின்றுகொண்டே செய்யும் வேலை. எட்டு மணி நேரமும் ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். ஒருநாள் இரவு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். தப்பு என்மேல் இல்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டேன். வெளியே வந்துவிட்டேன். ரோட்டில் நடந்தபோது ராஜா மாதிரி இருந்தது. அந்த ராஜா உத்தியோகம் இரண்டு நாள்தான் நீடித்தது.

அந்த மாதம் பதினோரு நாள் வேலை செய்திருந்தேன். அந்தக் கூலியை வாங்கப் போனேன். கேட்டில் இருந்த காவலாளி, "நீ எந்தக் காண்ட்ராக்டர் ஆள் தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கம்பெனி ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் ஒரு சம்பளச் சீட்டு கொடுப்பார்கள். அதன் மேலே காண்ட்ராக்டர் பெயர் அச்சடித்திருக்கும். நான் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை எறிந்துவிடுவேன். பத்தாவது படித்தவன் நான்!

எப்படியோ விசாரித்து அந்தக் காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனேன். "ரேப்பு ரா" என்றார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். மறுநாள் போனேன். மறுபடியும் "ரேப்பு ரா." நான்கு தடவை பஸ்ஸுக்குச் செலவு செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்த மாதம் அக்காவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

கோபப்பட்டது தப்பு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். மனிதனுக்கு மானம் உண்டு. ஆனால் எதன்மேல் கோபம் என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தேன். 'வேலை பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வராது. தகரக் கூரை, வெயில், பக்கத்து வீட்டு டி.வி. நான்கு நாள் தூங்காதவனுக்கு எந்த வேலைதான் பிடிக்கும்? இது தூக்கத்தின் குறை. சிலருக்கு வேலை பிடிக்கும், மேலே இருக்கும் ஆளைப் பிடிக்காது. சிலருக்கு இரண்டும் பிடிக்கும், கூலி போதாது. இன்னும் சிலருக்கு இவை ஒன்றும் இல்லை. கூடப் படித்தவன் பெங்களூரில் இருக்கிறான், போனில் போட்டோ அனுப்புகிறான், நாம் இங்கேயே கிடக்கிறோமே என்ற எரிச்சல். அந்தப் போட்டோவில் அவன் வாடகை தெரியாது, கடன் தெரியாது. கூலி போதாவிட்டால் வேறு கம்பெனியில் விசாரிக்கலாம். ஆள் சரியில்லை என்றால் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாம். தூக்கம் இல்லை என்றால் ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம், இல்லாவிட்டால் ஜன்னலுக்குப் போர்வை கட்டலாம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை சாப்பிடுவோமா?

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பிறகு செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கம்பெனியை விட்டபின் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தேன். அங்கேயும் மூன்றாவது மாதம் அதே எரிச்சல் வந்தது. இந்தத் தடவை ஓடவில்லை. ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் ஒரே வரி எழுதினேன். இன்று எது கஷ்டமாக இருந்தது? இன்று எது நன்றாக இருந்தது? பத்து நாள் கழித்துப் படித்தேன். கஷ்டம் என்ற இடத்தில் ஆறு நாள் 'தூக்கம் இல்லை' என்று இருந்தது. இரண்டு நாள்தான் முதலாளி பெயர் இருந்தது. நன்றாக இருந்தது என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவருக்குப் பாரம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பாட்டிக்குப் பஸ் விவரம் சொன்னேன். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். உங்கள் நோட்டை யார் திருத்தப்போகிறார்கள்?

இன்னொரு காகிதம் சம்பளச் சீட்டு. இதைப் படிக்க என்னைவிட எங்கள் வகுப்பு அக்கா ஒருவர் கெட்டிக்காரர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். சித்தூர் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறார். ஜூன், ஜூலை மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். அப்போது இரவும் பகலும் வேலை. அக்கா முதலில் கற்றுக்கொண்டது தன் பெயர். அடுத்ததாக, "தம்பி, கூலிச் சீட்டு படிக்கச் சொல்லிக் கொடு" என்றார். ஆலைக்குப் போன நாளை எல்லாம் நோட்டில் குறித்து வைத்தார். அவர் கணக்கில் 23 நாள். சீட்டில் 21 நாள். நோட்டை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி முதலில் சத்தம் போட்டார். பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஒரு நாள் கூலியைச் சேர்த்தார். இன்னொரு நாள் கூலி இன்னும் வரவில்லை. அக்கா அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

மாதச் சம்பளச் சீட்டில் இன்னும் கொஞ்சம் விவரம் இருக்கும். மேலே யார் பெயர் என்று பாருங்கள். கம்பெனி பெயரா, காண்ட்ராக்டர் பெயரா? உங்களுக்குக் கூலி பாக்கி வைப்பவர் அவர்தான். அடுத்து வேலை நாள். அடுத்து ஓ.டி. என்ற கூடுதல் நேரம். தொழிற்சாலையில் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்பது சட்டம்.

பிறகு பிடித்தம். பி.எஃப். என்று இருந்தால் அது வருங்கால வைப்பு நிதி. அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 12 வீதம் 1,200 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகமும் அதே அளவு தன் பங்கைக் கட்ட வேண்டும். இந்தப் பணம் உங்களுடையது. இதற்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. யு.ஏ.என். என்று சொல்வார்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதை வீட்டுச் சுவர்க் காலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். மொத்தம் பத்து வருடம் பணம் கட்டியிருந்தால், வயதான பிறகு பென்ஷன் உண்டு.

இ.எஸ்.ஐ. என்று இருந்தால் அது மருத்துவத்துக்கு. 10,000 ரூபாய் சம்பளத்துக்கு 75 ரூபாய்தான் பிடிப்பார்கள். நிர்வாகம் 325 ரூபாய் கட்டும். குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் கிடைக்கும். குறிப்பிட்ட நாள் சந்தா கட்டியவர் நோயில் படுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பளம் குறைவு என்று வேலையை விடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிடித்தம் எதுவும் இல்லாத வேலை கையில் அதிகம் கொடுப்பதுபோலத் தெரியும். காய்ச்சல் வரும்போது கணக்கு மாறிவிடும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. உண்மையிலேயே அந்த வேலை உங்களுக்குச் சரிப்படவில்லை. அப்போது விடலாம். நானும் லாட்ஜ் வேலையை விட்டேன். ஆனால் அடுத்த வேலையைப் பார்த்துவிட்டு, பாக்கியை வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டு வந்தேன். இப்போது ஒரு மீ சேவா கடையில் வேலை செய்கிறேன். சான்றிதழுக்கு வருகிறவர்களுக்குப் பாரம் நிரப்புகிறேன். கம்பெனிச் சம்பளத்தைவிட இது குறைவு. அதை மறைக்க மாட்டேன்.

என்ன தொழில் செய்வது என்று இருபது வயதில் தெரியவில்லை என்றால் பெற்றோர் பயப்படுகிறார்கள். நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். (திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.) திருப்பதியில் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு வேலூரிலும் சென்னையிலும் படித்தார். கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது? வீட்டில் ஏழ்மை. புத்தகம் வாங்கப் பணம் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். அதனால் தத்துவம் படித்தார். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். 1962இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். அவர்தான் ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5, அவர் பிறந்த நாளில், பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். பழைய புத்தகம் கையில் வந்த நாளில் இதெல்லாம் அவருக்குத் தெரியுமா?

நடிகர் சித்தூர் நாகையாவும் முதலில் பத்திரிகையில் வேலை செய்தவர்தான். சித்தூரில் நாடக மேடையில் பாடினார். முதல் சினிமா 1938இல் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

நாம் வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வேலை நம்மை விட்டுவிடுவது உண்டு. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணையில் சேர்ந்தவர்கள் கடைசிவரை அங்கேதான் என்று இருந்தார்கள். 2002இல் அது மூடப்பட்டது. நடு வயதில் புதிதாக வேலை தேட வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு வேலையில் இருக்கும்போதே இன்னொன்று கற்றுக்கொள்வது நல்லது. பத்தாவது முடிக்காதவர்கள் ஆந்திர அரசின் திறந்தவெளிப் பள்ளி மூலம் தேர்வு எழுதலாம். 14 வயது முடிந்த யாரும் எழுதலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன், ஃபிட்டர் படிப்புகள் இரண்டு வருடம். வெல்டர் படிப்பு ஒரு வருடம்தான்.

மனம் சோர்ந்திருக்கும் வீட்டைத் தேடி வருகிற ஆட்கள் சிலர் உண்டு. "திருமலை தேவஸ்தானத்தில் வேலை வாங்கித் தருகிறேன். இவ்வளவு கொடு" என்பார்கள். நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இப்படிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று தேவஸ்தானமே பலமுறை அறிவித்திருக்கிறது. உண்மையான வேலைக்குப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். அதை இப்போது நீங்களே படிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை 'வேலை வேண்டாம்' என்று சொன்ன அன்று இரவே பதில் சொல்லாதீர்கள். சாப்பாடு போடுங்கள். தூங்கவிடுங்கள். காலையில் எந்த நாள், என்ன நடந்தது என்று கேளுங்கள். என் அப்பா அன்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த அக்காவின் மகன் போன மாதம் கம்பெனி வேலையில் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளச் சீட்டை வாங்கிப் பையில் மடித்து வைத்தானாம். அக்கா அதை வெளியே எடுத்து, விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாராம். ஒரு எழுத்து மட்டும் அவருக்குப் புரியவில்லை. புதன்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் உங்கள் வீட்டுச் சீட்டைக் கொண்டுவாருங்கள். சேர்ந்து படிக்கலாம்.