உறக்கமா, மயக்கமா?

காய்ச்சலில் வாடும் குழந்தை கண்மூடிக் கிடந்தால், "பாவம், அயர்ந்து உறங்குகின்றது, எழுப்ப வேண்டாம்" என்பது தாயுள்ளத்தின் இயல்பு. ஆனால் மலேரியா மலிந்த நாடுகளில் அந்த இரக்கமே சில வேளைகளில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடுகின்றது. ஏன் என்பதைச் சற்றே சிந்திப்போம்.

கென்யா நாட்டுக் கடற்கரையில் கிலிஃபி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள மருத்துவமனையில் மலேரியாவுக்காகச் சேர்க்கப்பட்ட 1,844 குழந்தைகளைக் கவனித்த ஆய்வாளர்கள், 1995ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மாண்ட குழந்தைகள் 64. அவர்களுள் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர், சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்திற்குள் உயிர் நீத்தனர். மாண்டோருள் 54 பேரிடம் நினைவு மங்குதல், மூச்சுத் திணறல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் காணப்பட்டது.

காய்ச்சல், நடுக்கம், வாந்தி ஆகியன மலேரியாவின் பொதுவான அறிகுறிகள். நோய் முற்றும்போது நிகழ்வது வேறு. ஃபால்சிபாரம் என்னும் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு, இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. வலிப்பு வருகின்றது, நினைவு தப்புகின்றது. சிவப்பணுக்கள் அழிவதால் இரத்தம் குன்றி, உள்ளங்கை வெளிறுகின்றது. இரத்தத்தில் அமிலம் மிகுவதால் குழந்தை ஆழ்ந்து, வருந்தி மூச்சு வாங்குகின்றது. சர்க்கரையும் அளவுக்குக் கீழே இறங்குகின்றது.

பேச்சு வராத மழலையின் நினைவை அறிவது எப்படி? மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரின் பெயரால் ஓர் அளவுகோல் வழங்குகின்றது. கண்கள் தாயின் முகத்தைப் பின்தொடர்கின்றனவா? வலி தந்தால் உரிய முறையில் அழுகின்றதா? வலித்த இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோகின்றதா? முழு மதிப்பெண் 5. மூன்றுக்குக் குறைந்தால் அது உறக்கமன்று, ஆழ்ந்த மயக்கம்.

மருந்து இல்லாமல் இல்லை. ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடைபெற்று 2010இல் வெளிவந்த ஆய்வில், கொயினா பெற்றோருள் நூற்றுக்கு 10.9 பேரும், ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றோருள் 8.5 பேரும் மாண்டனர். 2021இலும் 2023இலும் இரு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எனினும் 2023இல் மட்டும் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர் என அதே நிறுவனம் கணக்கிடுகின்றது. இவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள். பிழைத்தோருள்ளும் சிலருக்கு வலிப்பும் கற்றற் குறைபாடும் தங்கிவிடுகின்றன.

பணி நிமித்தம் அந்நாடுகளுக்குக் குடும்பத்தோடு செல்லும் நம்மவர்க்கும் இது பொருந்தும். திரும்பியபின் காய்ச்சல் கண்டால், எங்கே சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பெற்றோரே, காய்ச்சற் குழந்தை உறங்குவதுபோல் தோன்றினால் மெல்ல எழுப்பிப் பாருங்கள். உங்கள் முகத்தை நோக்கினால் நன்று. நோக்காவிடில் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த ஓர் இரவில்தான் குழந்தையின் உயிர் அடங்கியிருக்கின்றது.