மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தால்

தலையிடி என்றதும் எங்கள் சனம் முதலில் தேடுவது பனடோலையும் சித்தாலேப்பையையும்தான். பெரும்பாலான தலையிடிகளுக்கு அது போதும். ஆனால், வாழ்நாளில் கண்டிராத தலையிடி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறினால் தாமதிக்க வேண்டாம். சத்தி, பிடரி விறைப்பு, மயக்கமும் சேரலாம். மூளையின் மேற்பரப்பில் ஓடும் இரத்தக் குழாயில் பலூன்போல் வீங்கிய இடம் வெடித்து, மூளையைச் சுற்றி இரத்தம் பரவியிருக்கக்கூடும். அஸ்பிரின் கொடுக்காதீர்கள், உடனே 112 அல்லது 118ஐ அழையுங்கள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேயைச் சுற்றி இருக்கும் குடும்பங்களுக்குச் சிவிக்கோ வைத்தியசாலை கிட்டத்தான். சொஜோர்னோ இல்லையே என்ற பயம்தான் சிலரை வீட்டில் இருத்திவிடுகிறது. 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கச் சட்டப்படி, வதிவிட அனுமதி இல்லாதவருக்கும் அவசர சிகிச்சை உண்டு. சிகிச்சைக்கு வந்ததற்காக அவரைப் பொலிசுக்கு அறிவிக்கவும் கூடாது.

வெடித்த குழாயை அடைத்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. மூளையின் நுண்ணிய குழாய்களின் சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி, இரத்தத்தில் உள்ள வேண்டாதவற்றை மூளைக்குள் விடாமல் மறிக்கின்றன. இதுவே இரத்த-மூளைத் தடுப்பு. சிந்திய இரத்தம் சிதையும்போது அந்தப் பொருத்துகள் தளர்ந்து, நீர் கசிந்து, மூளை வீங்குகிறது. அத்தோடு, பெரும்பாலும் 4ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில், சில பகுதிகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்து பாரிசவாதமும் வரலாம்.

இந்தத் தடுப்பைக் காக்க மருந்து உண்டா? எலிகளில் பல மருந்துகள் பலன் தந்தன. மனிதரில் நிரூபிக்கப்பட்டது இன்னும் இல்லை. நோயாளியைத் தேற்றும் என்று நம்பப்பட்ட மக்னீசியம் 2012இலும், சிம்வஸ்டற்றின் 2014இலும் பெரிய ஆய்வுகளில் தோற்றன. நிலைத்து நிற்பது நிமோடிப்பின் என்ற பழைய குளிசை. 1989இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 554 நோயாளரிடையே, இதை எடுத்தவர்களுக்கு மூளையின் பகுதி இரத்தமின்றி இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குழாய் சுருங்குவதைத் தடுக்கும் என்றுதான் முதலில் இதைக் கொடுத்தார்கள். படம் எடுத்துப் பார்த்தால் சுருக்கம் பெரிதாக மாறவில்லை. நோயாளிகள் என்னவோ தேறினார்கள்! நரம்புக் கலங்களையே அது காக்கிறது என்பது ஒரு விளக்கம்.

வழமையான அளவு 60 மில்லிகிராம், 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 21 நாட்கள். நடுச்சாமத்திலும் கொடுக்க வேண்டும். நோயாளி முன்னரே வீடு வந்தால் மிச்ச நாட்கள் வீட்டாரின் பொறுப்பு. பாவம், நித்திரை கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மணிக்கூட்டில் அலாரம் வையுங்கள். தலை சுற்றினால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். 2 மணித்தியாலத்துக்கு 30 மில்லிகிராம் எனப் பிரித்துத் தருவார். பொம்பெல்மோ பழம் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும், அந்த நாட்களில் அதைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே பிரஷர் குளிசை எடுப்பவராயின், அதன் பெட்டியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.