கிட்டிய மதிப்பும் கணினி விரிதாளும்



எண்களைக் கிட்டிய பத்துக்கும் கிட்டிய நூற்றுக்கும் மாற்றக் கணிதப் பாடத்தில் கற்றிருக்கிறீர்கள். எக்செல் போன்ற கணினி விரிதாளும் அவ்வேலையை நொடியில் செய்யும். எனினும், எவ்விடத்தில் எக்கட்டளையை இடுவது என்று தீர்மானிப்பது நம் அறிவேயாகும்.

'ரவுண்ட்' என்பது பொதுவான கட்டளை. எண்ணையும், புள்ளிக்குப் பின் வேண்டிய இலக்கங்களின் எண்ணிக்கையையும் அதற்குக் கூற வேண்டும். 4.567ஐ இரண்டு இலக்கங்களுக்குக் கேட்டால் 4.57 எனத் தரும்.

இக்கட்டளை எங்கும் பொருந்துமா? பொருந்தாது. 100 மாணவர்கள் சுற்றுலா செல்ல, 44 இருக்கைகள் கொண்ட பேருந்துகள் எத்தனை வேண்டும்? வகுத்தால் வருவது 2.27. 'ரவுண்ட்' 2 என்று கூறும். அதை நம்பினால் 12 மாணவர்கள் பள்ளி வாசலிலேயே நிற்க நேரிடும்! இங்கு மேல்நோக்கி மாற்றும் 'ரவுண்ட்அப்' வேண்டும், விடை 3.

50 ரிங்கிட்டுக்கு, 4 ரிங்கிட் 20 சென் விலையுள்ள நூல்கள் எத்தனை வாங்கலாம்? வகுத்தால் 11.90. 'ரவுண்ட்' 12 என்னும். ஆனால் 40 சென் குறையும். இங்குக் கீழ்நோக்கி மாற்றும் 'ரவுண்ட்டவுன்' தரும் 11 என்பதே சரி.

நம் மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், கடையில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை கிட்டிய 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. விரிதாளில் 'எம்ரவுண்ட்' கட்டளையுடன் 0.05 என்று குறித்தால் அவ்விடை கிடைக்கும். மொத்தத்தை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர். 1 ரிங்கிட் 2 சென் விலையுள்ள மூன்று பொருள்களின் மொத்தம் 3.06, செலுத்த வேண்டியது 3.05. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிக் கூட்டினாலோ 3.00 தான் வரும். கடைக்காரருக்கு 5 சென் நட்டம்.

மற்றொன்றும் அறிக. கட்டத்தில் இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி அமைப்பது வேறு. எண்ணையே மாற்றுவது வேறு. 10 ரிங்கிட்டை மூவருக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் 3.33 தெரியும், கூட்டுத்தொகையோ 10.00 என்றிருக்கும். 'ரவுண்ட்' இட்டுக் கூட்டினால் 9.99 வரும். எஞ்சிய ஒரு சென் யாருக்குரியது என்பதைக் கணினி கூறாது. கணக்கு எழுதுபவரே கூற வேண்டும்.

ஆகவே, மாணவர்களே, கணக்கை இறுதிவரை முழுமையாகச் செய்து, கடைசியில் ஒருமுறை மட்டும் கிட்டிய மதிப்புக்கு மாற்றுங்கள். ஒரு சென்னாயினும் பிறர் பொருளைப் பிழையின்றி எண்ணுவதே நேர்மையின் முதற்படி.