ரஜினியைப் பார்க்காதீங்க, ஜீப் நம்பரைப் பாருங்க!

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பெங்களூருவில் முடங்கிப்போகிற தமிழ்ப் படம் ஜூஜூவாடி எல்லைக்கு இந்தப் பக்கம் ஜம்மென்று ஓடும். 2018 ஜூன் 7-ல் ‘காலா’ வந்தபோதும் அப்படித்தான். ரஜினி காவிரி பற்றிப் பேசியது பிடிக்காமல் கர்நாடக ஃபிலிம் சேம்பர் முரண்டு பிடித்தது. உயர் நீதிமன்றம் தியேட்டர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லியும் முதல் நாள் பெங்களூருவில் பல காட்சிகள் ரத்து. இத்தனைக்கும் மனிதரின் பூர்வீகம் நம்ம வேப்பனப்பள்ளிப் பக்கத்து நாச்சிக்குப்பம்!

கூத்தைக் கேளுங்க: அதே சமயம் சவுதி அரேபியாவில் படம் ரிலீஸ்! பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்த நாட்டுத் தியேட்டர்கள் ஏப்ரலில்தான் திறந்திருந்தன. அங்கே திரைக்கு வந்த முதல் இந்தியப் படமே ‘காலா’தான்.

சரி, செட்டுக்குள் எட்டிப் பார்ப்போமா? கதை நடக்கிற மும்பைத் தாராவியிலேயே கொஞ்சம் எடுத்தார்கள். மிச்சத் தாராவி சந்து சந்தாக முளைத்தது பூந்தமல்லியைத் தாண்டி, ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். ராப் பாட மட்டும் அசல் தாராவிப் பசங்களே வந்தார்கள், ‘டோப்பாடெலிக்ஸ்’ குழு. காலாவாக வரும் ரஜினியின் கறுப்பு ஜீப் நம்பர் எம்.எச். 01 பி.ஆர். 1956. பி.ஆர். யாருடைய இனிஷியல், 1956-ல் பௌத்தம் தழுவியவர் யார் என்று தெரிந்தவர்கள் விசிலடித்தார்கள். ஆனந்த் மஹிந்திரா அந்த வண்டியைத் தங்கள் மியூசியத்துக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்! காலாவின் மேஜையில் கிடப்பது புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’. 1948-ல் தடை, 1971-ல் விடுதலை.

இயக்குநர் பா.ரஞ்சித் ஒளித்துவைத்த இந்தச் சாமான்களெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கொடி பிடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, துணி துவைக்கிற இடம் மாதிரி அன்றாட வாழ்க்கையிலேயே போராட்டம் ஆரம்பித்துவிடுகிறது. படத்தின் முதல் சண்டையே சலவைத்துறையை இடிக்க வருகிறவர்களோடுதான். ‘காலா’ போய்ச் சேர்ந்த அரபு உலகத்து சினிமாவுக்கும் இது புதிதல்ல. எகிப்தில் ஷர்காவி 1954-ல் எழுதிய ‘நிலம்’ நாவலை யூசுஃப் ஷாஹீன் படமாக்கினார். அதில் கிராமத்துக்குப் பாசனத் தண்ணீர் பத்து நாளிலிருந்து ஐந்தாகக் குறைகிறது. அப்புறம் ஜமீனுக்கு ரோடு போட வயல் பறிபோகிறது. ஊர் கொதிக்க வேறென்ன வேண்டும்?

‘காலா’விலோ தாராவி வேலைக்குப் போக மறுக்கிறது, மும்பை ஸ்தம்பிக்கிறது. சிப்காட் ஷிப்டுக்கு ஓடுகிற நமக்கு அந்த சீனுக்கு விளக்கவுரை எதற்கு? வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு நடந்த அடுத்த வாரம், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் நாடு சுடுகாடாகிவிடும் என்று பேசியதும் இதே ஹீரோதான்! ஒரு வாரம் கழித்து அவரே திரையில் ஊரைத் திரட்டினார்.

அடுத்த முறை டிவியில் போட்டால் பஞ்ச் டயலாக்கை விடுங்க, ரிமோட்டில் பாஸ் அழுத்தி நம்பர் பிளேட்டையும் மேஜையையும் மேயுங்க. கிளைமாக்ஸில் கறுப்பு, சிவப்பு, நீலப் பொடி பறக்கும்; எந்த நிறம் எந்தக் கட்சிக்கு என்று வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை!