ஜப்பானில் படித்த கார், காலி வீதியில்

மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் ஊர்ந்து செல்லும் சாதாரண காருக்கு அதுதான் நட்டம் தரும் நேரம். ஹைபிரிட் காருக்கோ அதுவே உழைக்கும் நேரம். கார் நின்றதும் பெற்றோல் எஞ்சின் அணைகிறது. மெல்ல நகர மின்மோட்டார் போதும். பிரேக் போட்டால் அதே மோட்டார் மின்னாக்கியாகிப் பற்றரியை நிரப்புகிறது. எஞ்சின் ஓய்ந்திருக்கும்போதும் ஏசி ஓடும். 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் அக்குவா, ப்ரியஸ் வைத்திருந்தோர் இதன் அருமையை உணர்ந்தார்கள். (எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. வாகன் ஆரின் சிறு மோட்டார் பெரும்பாலும் எஞ்சினுக்குக் கைகொடுப்பது மட்டுமே.)

வினை வெப்பத்தில் இருக்கிறது. பழைய அக்குவாவின் 144 வோல்ற் பற்றரி பின் இருக்கைக்கு அடியில் உள்ளது. ஒரு விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து அதைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றுத் துளையைத் தூசியோ கடைப் பையோ அடைத்தால் பற்றரி வெந்து தளரும். அதிலுள்ள 20 கட்டுகளில் ஒன்று பழுதானாலும் எச்சரிக்கை விளக்கு எரியும். ஒன்றை மட்டும் மாற்றுவது மலிவுதான். ஆனால் பழையவற்றோடு புதியது ஒத்துப்போகாது. அடுத்தது விரைவில் விழும். 2020இல் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்ததால், பத்து வயது தாண்டிய பற்றரிகள் நம் வீதிகளில் நிறைய.

ஹொண்டா ஃபிட், வெசலின் இரட்டைக் கிளச் கியர்பெட்டி வேறு கதை. திறந்த சாலையில் சுறுசுறுப்பானது. ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறி எச்சரிக்கும். ஜப்பானிலேயே ஃபிட் ஹைபிரிட் சுமார் ஓராண்டுக்குள் ஐந்து முறை பல்வேறு திருத்தங்களுக்குத் திரும்ப அழைக்கப்பட்டதால், 2014 ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் தம் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதங்களுக்குக் குறைத்துக்கொண்டார்.

மற்றைய கெட்டித்தனமெல்லாம் ஜப்பானுக்கானது. சாவி போட்டதும் அதிவேக வீதிக் கட்டண அட்டை இல்லையென்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் முறையிடும். வரைபடத்தில் கொழும்பே இல்லை. இக்கார்கள் பலவற்றின் வானொலி பழைய ஜப்பானிய எஃப்எம்முக்கேற்ப 90 மெகாஹேர்ட்ஸோடு முடிவதால், தனிக் கருவி பூட்டாமல் சூரியன், சக்தி வானொலிகள் கேட்காது. 2015 இறுதிக்குப் பின்வந்த அக்குவாக்களில் சிலவற்றில் தானியங்கிப் பிரேக் உண்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் ஆட்டோ குறுக்கே பாயும்போது அதை நம்பிக் காலை எடுக்க நான் சொல்லமாட்டேன்.

வாங்கப் போகிறீர்களானால், மைலேஜ் எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேனரை இணைத்து, கார் மேடு ஏறும்போது ஒவ்வொரு பற்றரித் தொகுதியின் வோல்ற்றளவும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். முன்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால், தானியங்கிப் பிரேக்கின் கமரா மறுபடி அளவு சரிசெய்யப்பட்டதா என்றும் கேளுங்கள்.