"டேய், சைட் படுத்துடுச்சா?" என்று நண்பர் கேட்பதற்குமுன்...

வீட்டில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸைப் போட்டுவிட்டீர்கள். இணைப்பாட நடவடிக்கைக் குழுவின் இணையத்தளம் இப்போது அதில்தான் ஓடுகிறது.

ஒரு நாள் இரவு 2 மணிக்கு டிஸ்க் நிரம்பிவிடுகிறது. டேட்டாபேஸ் நின்றுபோகிறது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் மேலே உள்ள கேள்வி!

டிஸ்க் அந்த ஓர் இரவில் நிரம்பியிருக்காது. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியிருக்கும். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தான் கண்காணிப்பு மென்பொருள். அத்தகைய மென்பொருள்களில் ஒன்று ஸாபிக்ஸ். லாட்வியா நாட்டில் உருவான அது 2001இல் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை.

யார் கேட்பது, யார் சொல்வது?

இதில் இரண்டு தரப்பு உண்டு. தகவலைச் சேர்த்துவைப்பது ஸாபிக்ஸ் சர்வர். கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் ஓடும் சிறிய நிரல் ஏஜென்ட்.

சர்வர் வேறொரு கணினியில் இருப்பது நல்லது. அதே மடிக்கணினியில் வைத்தால், அது படுக்கும்போது உங்களிடம் சொல்ல ஆளிருக்காது.

எது நல்லது, எது கெட்டது என்பதெல்லாம் ஏஜென்ட்டுக்குத் தெரியாது. "டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம்?", "நெட்வொர்க் கார்டு வழியாக எத்தனை பைட் வந்தது?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லும். 90 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்க வேண்டும் என்பது சர்வரில் நீங்கள் வைக்கும் விதி. தேவையில்லாத எச்சரிக்கை வந்து தூக்கத்தைக் கெடுத்தால் ஏஜென்ட்டைத் திட்டாதீர்கள். அந்த விதியை மாற்றுங்கள்.

நிறுவுவது

இது சுலபம். டெர்மினலில் 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஸாபிக்ஸ்-ஏஜென்ட்' என்ற ஒரே கட்டளை போதும். உபுண்டு தரும் பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கலாம். பரவாயில்லை. புதிய சர்வருடன் பழைய ஏஜென்ட் பேசும். ஆனால் சர்வரைவிட ஏஜென்ட் புதியதாக இருக்கக்கூடாது.

பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று வந்தால் ஏஜென்ட் ஓடுகிறது என்று பொருள். சர்வருடன் பேசுகிறது என்று பொருளல்ல! பலர் இங்கேதான் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வரியில் உள்ள ஆபத்து

'ஈடிசி' கோப்புறைக்குள் 'ஸாபிக்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதிலுள்ள ஏஜென்ட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் 'சர்வர்' என்று தொடங்கும் வரி ஒன்றைக் காணலாம். யார் கேட்டால் ஏஜென்ட் பதில் சொல்லலாம் என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கிறது.

ஆரம்பத்தில் அதில் 127.0.0.1 என்று இருக்கும். அதாவது, இந்தக் கணினியே கேட்டால் மட்டும்தான் பதில். அங்கே உங்கள் ஸாபிக்ஸ் சர்வரின் ஐபி முகவரியைப் போட வேண்டும்.

முகவரி சரியாகத் தெரியாவிட்டால் சிலர் 0.0.0.0/0 என்று போட்டுவிடுகிறார்கள். உடனே வேலை செய்யும். ஏன் செய்யாது? "யார் கேட்டாலும் சொல்" என்பதுதானே அதன் அர்த்தம்!

டிஸ்க் அளவு தெரிந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்கிறீர்களா? ஏஜென்ட்டிடம் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தையே கேட்கலாம். 'ஸாபிக்ஸ்' பயனர் படிக்கக்கூடிய கோப்பு என்றால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். கணினியில் உள்ள பயனர் பெயர்களின் பட்டியலும் அப்படிப்பட்ட கோப்பில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, கட்டளைகளை ஓடவைக்கும் வசதியும் உண்டு. இயல்பாக அது மூடியிருக்கும். எங்கோ பார்த்த வரிகளை அப்படியே ஒட்டி அதைத் திறந்துவிட வேண்டாம்.

ஏஜென்ட் காது கொடுத்துக் கேட்பது 10050 என்ற போர்ட்டில். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை உங்கள் ஸாபிக்ஸ் சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணையம் வழியாகத் தகவல் போகிறது என்றால் மறையாக்கமும் தேவை. இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியை வைத்து அதைச் செய்யலாம். நீங்களாக அமைக்காவிட்டால் எல்லாம் திறந்த கடிதம்தான்.

வீட்டிலிருந்து நடத்துகிறீர்களா?

அப்படியென்றால் மடிக்கணினி ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே உள்ள சர்வரால் உள்ளே வந்து கேள்வி கேட்க முடியாது. அதற்காக ரௌட்டரில் ஓட்டை போடத் தேவையில்லை. 'சர்வர்ஆக்டிவ்' என்ற வரியில் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். ஏஜென்ட்டே வெளியே போய், என்ன வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கொடுத்துவிட்டு வரும். சர்வர் அதற்காக 10051 போர்ட்டில் காத்திருக்கும்.

இந்த முறை மட்டும் போதுமென்றால் 'ஸ்டார்ட்ஏஜென்ட்ஸ்' என்ற வரியில் 0 போடுங்கள். 10050 போர்ட்டே திறக்காது. வீட்டுக்கு இதுதான் சிறந்தது என்பேன்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் 'ஹோஸ்ட்நேம்'. சர்வரில் பதிந்த பெயரும் இங்குள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் சிக்கல்தான். தகவலே வரவில்லையா? ஏஜென்ட்டின் லாக் கோப்பைப் பாருங்கள். 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பெயரில்தான் கோளாறு.

எதை மாற்றினாலும் ஏஜென்ட்டை 'ரீஸ்டார்ட்' செய்யவேண்டும். கணினியை அணைத்துப் போட்டாலும் தானாக ஓட ஒருமுறை 'எனேபிள்' கட்டளை கொடுத்தால் போதும்.

பள்ளியிலோ வேலையிடத்திலோ உள்ள கணினி என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். கேட்காமல் அடுத்தவர் கணினியில் கைவைப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஒவ்வொரு விநாடியும் எல்லாவற்றையும் கேட்கவேண்டியதில்லை. டிஸ்க் நிலவரத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டால் போதும். எச்சரிக்கைகளும் குறைவாக இருக்கட்டும். நாளுக்கு 50 வந்தால் மூன்றாம் நாளே அவற்றைப் பார்க்காமல் தள்ளிவிடுவீர்கள்.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போய் மடிக்கணினி அணைந்துவிட்டால் ஏஜென்ட்டால் எதுவும் சொல்ல முடியாது. வரைபடத்தில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல. அதனால் "5 நிமிடமாகத் தகவலே வரவில்லை என்றால் எனக்குச் சொல்" என்ற விதியைச் சர்வரில் சேருங்கள். சேர்த்த பிறகு மடிக்கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பாருங்கள், எச்சரிக்கை வருகிறதா என்று.