கடல் சூழ்ந்த கோணேசர்

கடலோரத்தில் தெய்வத்தை நிறுவி வழிபடுதல் பல நாட்டாருக்கும் பொதுவான மரபாகும். ஜப்பானியரின் இட்சுகுஷிமா ஆலயத்துச் செந்நிறத் தோரணவாயில், கடல் பெருகுங்கால் நீரிலேயே நிற்கின்றது. அத்தகைய காட்சியை விரும்பும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நேயர்கள் நம் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்குச் சென்றாற் போதும்.

திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில், கடலினின்று செங்குத்தாக எழும் சுவாமி மலைமீது விளங்குகின்றது. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். இன்றும் அடியார்கள் அக்கோட்டை வாயிலினூடாகவே கோயிலுக்குச் செல்கின்றனர்.

கோயில் அழிந்தது, வழிபாடு அழியவில்லை. மக்கள் வெறும் பாறைமீது நின்று, பூவும் பழமும் கடலில் இட்டு வணங்கி வந்தனர். 1950இல் கிணறு தோண்டியபோது செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கடலடியில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். இலிங்கம் ஒன்றும் மீட்கப்பட்டது. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அங்கே செல்வோர் பாறையின் விளிம்பருகே சற்று நின்று, கீழே அலைகளை நோக்குவாராக. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இத்தலம் மறக்கப்படாதிருந்தமைக்குக் காரணம், அவ்வலைகளில் இடப்பட்ட எளிய மலர்களே என்பது அப்போது விளங்கும்.